வலைக்குப் பின்னால் வரும் குருவி

அதிகாலை நாலு இருபதுக்குத் திருகோணமலை அநுராதபுரச் சந்தியில் ஒரேயொரு பேக்கரி திறந்திருந்தது. எட்டு மீன் பணிஸ், ஒரு பிளாஸ்க் நிறையப் பிளேன்டீ. வாங்கிக்கொண்டு வானில் ஏறியபோது உள்ளே யாரும் பேசவில்லை. ரீச்சர் அக்கா மட்டும் மடியில் இருந்த கொப்பியில் திகதியைப் போட்டு, அதன்கீழே 1 என்று எழுதி, பேனையை மூடாமல் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த ஒன்றுக்கு நேரே எந்தப் பறவை வரப்போகிறது என்ற நினைப்பில் எனக்கு முதல் நாள் இரவு நித்திரை வருவதே இல்லை. ஐந்து வருடமாக இதே கதைதான்.

பறவைப் பந்தயம் என்றால் என்ன என்று வீட்டில் கேட்டவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு நாள். இருட்டோடு வெளிக்கிட்டு இருட்டோடு திரும்ப வேண்டும். அந்த நாளில் கண்ணால் கண்ட, காதால் கேட்ட பறவையினங்கள் எத்தனை என்று எண்ண வேண்டும். ஆயிரம் கொக்கு கண்டாலும் கொக்கு ஒன்றுதான். அமெரிக்காவில் நியூ ஜேர்சியில் 1984 முதல் ஒவ்வொரு மே மாதமும் இப்படி ஒரு போட்டி நடக்கிறது. கோர்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் ஆய்வகமும் 2015 முதல் மே மாதத்தில் ஒரு நாளை உலகம் முழுவதற்குமாகக் குறித்து நடத்துகிறது. ஆனால் மே மாதம் நமக்கு உதவாது. வடக்கிலிருந்து வந்த பறவைகளில் மிகப் பெரும்பாலானவை அதற்குள் திரும்பிப் போயிருக்கும். மார்கழி, தையில் வைத்தால் மழை. களப்புகள் நிரம்பிக் கிடக்கும். நீர்க்கரைப் பறவைகளான உள்ளான்களுக்கு வேண்டியது சேறு, அதுவும் விரல் அளவு தண்ணீர் நிற்கிற சேறு. அதனால்தான் வாடை அடங்கி, களப்பு வற்றத் தொடங்குகிற பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமையை நாங்கள் வைத்துக்கொண்டோம்.

நாங்கள் எட்டுப் பேர், இரண்டு அணி. திருகோணமலைப் பட்டினத்துக்கு வடக்கே நிலாவெளி, குச்சவெளி, புல்மோட்டை, கொக்கிளாய்வரை ஒரு அணிக்கு. தெற்கே தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா, மூதூர் மற்ற அணிக்கு. நாணயம் சுண்டிப் பிரிப்போம். தெற்கு கிடைத்தவர்களுக்கு வயலும் உண்டு, கந்தளாய்க் குளமும் உண்டு, மகாவலி கடலில் விழுகிற கொட்டியாரக் குடாவும் உண்டு. இந்த முறை எங்களுக்கு வடக்கு. எனக்கு அதில் வருத்தமே இல்லை. நான் பிறந்து வளர்ந்த கரை அது.

விதிகள் சில உண்டு. நாலு பேரில் இரண்டு பேராவது பார்த்திருக்க அல்லது கேட்டிருக்க வேண்டும். கூட்டில் அடைத்த பறவை கணக்கில் சேராது. கைபேசியில் பறவையின் குரலைப் போட்டு அதை வெளியே இழுக்கக் கூடாது. இல்லாத எதிரியைத் தேடி ஒரு பறவை தன் வேலையை விட்டுவிட்டு வருவதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்காது. இந்த வருடம் ரீச்சர் அக்கா இன்னொரு விதியைச் சேர்த்தார். கொப்பியில் எல்லாப் பெயரும் தமிழில் இருக்க வேண்டும். பெயர் தெரியாவிட்டாலும் எண்ணலாம், ஆனால் இரவு பட்டியலை வாசிக்கும்போது அதற்கொரு தமிழ்ப் பெயர் சொல்லியாக வேண்டும்.

"பள்ளிக்கூடத்தில பிள்ளையளுக்குப் படத்தைக் காட்டினால் இங்கிலிஷ் பேரைச் சொல்லுதுகள். அதுகளின்ர வீட்டு வேலியில நிக்கிற குருவி," என்றார். அதற்கு யாரும் மறுப்புச் சொல்லவில்லை.

கன்னியாப் பக்கம் பற்றைக்காட்டு ஓரமாக வானை நிறுத்தி, விளக்கை அணைத்து, கதவைத் திறந்துவிட்டு இருந்தோம். ஐந்து மணிக்கு இன்னும் கும்மிருட்டு. முதலில் ஒன்றுமில்லை. அப்புறம், வானை ஓட்டுகிற தம்பி கையை உயர்த்தினான். எங்கள் நாலு பேரில் அவனுடைய காதுதான் காது. சீமெந்துத் தரையில் ஒரு போளையைப் போட்டால் முதலில் விட்டு விட்டு, பிறகு விறுவிறுவென்று துள்ளி அடங்குமே, அதே சத்தம். பக்கி. வீதியோரத்து மண்ணில் எங்கேயோ ஒட்டிக் கிடந்து கூப்பிடுகிறது. ரீச்சர் அக்கா கைபேசி வெளிச்சத்தில் ஒன்றுக்கு நேரே எழுதினார். கொஞ்ச நேரத்தில் மீன் ஆந்தையின் அடித்தொண்டைக் குரல். இருட்டில் யாரோ நடந்ததைக் கண்டு கத்துகிற ஆட்காட்டி. கிழக்கு வெளுக்கும்போது ஒரு காட்டுக்கோழிச் சேவல். பிறகு அந்த இரட்டைச் சீழ்க்கை. அதற்குப் பெயரே ஆறுமணிக் குருவி. இமயமலை அடிவாரக் காடுகளிலிருந்து குளிருக்கு இங்கே வந்து, விடியற்காலையும் பின்னேரமும் ஆறு மணியை ஒட்டி இரண்டு தடவை சீழ்க்கையடிப்பதால் வந்த பெயர். பார்த்தால் ஒன்பது நிறம், கண்ணில் படுவதோ அபூர்வம். அன்று நாங்கள் பார்க்கவில்லை, கேட்டோம். ஐந்து ஐம்பத்தெட்டு.

பெரியகுளத்தில் எங்களுக்கு மழைபோலக் கொட்டியது. அதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. காடும் குளமும் சந்திக்கிற இடத்தில் காலை ஆறரைக்கும் எட்டரைக்கும் இடையில் நின்றால் யாருக்கும் அப்படித்தான் கொட்டும். நீளவால் இலைக்கோழி, தாழைக்கோழி, முக்குளிப்பான், பாம்புத்தாரா, நத்தைகுத்தி நாரை, சீழ்க்கைச் சிறகி, பனங்காடை, கொண்டலாத்தி, மாங்குயில், குக்குறுவான், செண்பகம், ஆலமரத்தில் பழம் தின்கிற சாம்பல் இருவாச்சி ஒரு சோடி. வேலிக்கரையில் ஏழெட்டாகக் கூடித் தத்துகிற அந்தப் பழுப்புக் குருவிக்கு என்ன எழுதுவது என்று மட்டும் ஒரு நிமிடம் வாக்குவாதம். தமிழ்நாட்டுப் பட்டியல்களில் தவிட்டுக்குருவி என்று இருக்கிறது என்றான் மச்சான். "எங்கட அம்மம்மா புலுனி எண்டுதான் சொல்லுவா," என்றார் ரீச்சர் அக்கா. புலுனி என்றே பதிந்தது. எட்டரைக்கு அறுபத்தொன்று.

நிலாவெளியில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையில் வானை வீதியிலேயே விட்டுவிட்டு நடந்தோம். இதை ஏன் சொல்கிறேன் என்பதைக் குச்சவெளிக்கு வந்ததும் சொல்கிறேன். கரையில் ஸ்கோப்பை, அதாவது காலில் நிறுத்திப் பார்க்கிற பெரிய தொலைநோக்கியை, நிறுத்தி, ஒரு கிலோமீற்றர் தள்ளிக் கடலில் கிடக்கிற புறாத்தீவைப் பார்த்தோம். 2003இல் தேசியப் பூங்காவாக்கப்பட்ட தீவு. பட்டினத்துக் கூரைகளில் நிற்கிற புறாக்களை எங்கள் பந்தயத்தில் எண்ணுவதில்லை. ஆனால் அந்தத் தீவின் பாறைகளில் இருப்பவை காட்டு மாடப்புறாக்கள், தீவுக்கே அதனால் வந்த பெயர். பெப்ரவரியில் படகுகள் ஓடத் தொடங்குவதில்லை, அலை இன்னும் முரடு. ஆகவே தீவில் இறங்காமல் கரையில் நின்றபடியே பார்க்க வேண்டும். கால் மணி நேரம் ஸ்கோப்பில் கண்ணை வைத்திருந்தேன். பாறை, நுரை, பாறை. பிறகு சாம்பல் நிறத்தில் நாலு புள்ளிகள் பாறையை விட்டு எழும்பி ஒரு வளையம் போட்டு மறுபடி பாறையில் கரைந்தன. மச்சானும் கண்டான். சரி, எழுதுங்கள் அக்கா.

அந்தக் கரையில் ஸ்கோப்பை வைத்துக்கொண்டு நிற்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்கு ஒரு நினைப்பு வரும். யுத்த காலத்தில் என்னைப்போல ஒரு பையன் கழுத்தில் தொலைநோக்கியோடு இந்த வீதியில் போயிருக்கவே முடியாது. அது பறவை பார்க்கிற சாமான் என்று யாரிடம் சொல்லி நம்பவைப்பது? என் வயதுக்காரருக்குச் சின்ன வயதில் கடல் என்பது வீட்டுக்குப் பின்னால் கேட்கிற சத்தம், அவ்வளவுதான். 2004 மார்கழி சுனாமியில் இந்த ஒழுங்கையில் இருந்த வீடுகளும் போயின. அதனால்தானோ என்னவோ, இந்தக் கரையில் ஒரு நாள் முழுக்க நின்று, கடலைப் பார்த்தபடி, பயமில்லாமல், எண்ணிக்கொண்டிருப்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. ஓட்டப்பந்தயம்போலப் பறவை பார்ப்பது பறவைக்கு மரியாதையில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் இந்தப் பந்தயம் இல்லாவிட்டால் ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிற இந்தக் கரையின் ஒவ்வொரு வாய்க்காலிலும் ஒவ்வொரு சேற்றிலும் ஒரே நாளில் நான் இறங்கியிருக்கவே மாட்டேன்.

இறக்கக்கண்டிப் பாலத்துக்கு அப்பால் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். வாடை அடங்கிய பிறகு அந்த இடத்தில் அன்றுதான் முதல் தடவையாக வலை போட்டதாம். இரண்டு பக்கமும் பத்துப் பன்னிரண்டு பேர், கயிற்றை இடுப்பில் கொடுத்துப் பின்னுக்கு நடந்து வருகிறார்கள். வலையின் மடி கரையைத் தொட்டதும் காகம், பருந்து, வெள்ளைக் கொக்கு எல்லாம் ஒரேயடியாக வந்தன. நெத்தலி, சூடை, காரல் என்று பிரித்துக் கூடையில் போட்டார்கள். மிச்சம் மணலில் கிடந்தது: சொறிமுட்டை, உடைந்த சிப்பி, மடியோடு இழுபட்டு வந்த சாதாளை என்கிற கடற்பாசிக் குவியல்.

அந்தக் குவியலுக்குத்தான் அவை வந்தன. ஆறு பறவைகள். எனக்கும் அவற்றுக்கும் இடையில் ஐந்து மீற்றர்கூட இருக்காது. நான் மணலில் குந்தி இருந்துவிட்டேன்.

புறாவை விடச் சின்னது, குண்டு உடம்பு, கட்டைக் கால். கால் தோடம்பழ நிறம். நெஞ்சில் கறுப்பும் பழுப்பும் கலந்து ஒரு கச்சை கட்டினதுபோல. அலகு நீளமில்லை, ஆப்புப்போல, நுனி ஒரு பொட்டு மேல்நோக்கி. முதலாவது பறவை சாதாளையின் ஓரத்தில் அலகைச் செருகியது. தலையைத் தாழ்த்தி, உடம்பு முழுவதையும் முன்னுக்குத் தள்ளி, ஒரு புரட்டு. சாதாளை பாய் சுருட்டினதுபோல மறுபக்கம் மடிந்தது. அடியில் இருந்த மணற்பூச்சிகள் துள்ளின. இரண்டு விநாடியில் நாலைந்தைப் பொறுக்கிவிட்டது. அடுத்த அடி, அடுத்த புரட்டு. ஒரு சிப்பியைப் புரட்டியது, ஒரு சோடாப் போத்தல் மூடியைப் புரட்டியது, கைப்பிடி உடைந்த ஒரு பிளாஸ்ரிக் கரண்டியையும் புரட்டியது. எதையும் புரட்டாமல் தாண்டிப் போகவில்லை. ஒரு இடத்தில் சாதாளை ஈரத்தோடு கனமாகக் கிடந்தது. ஒரு பறவை தள்ளியது, அசையவில்லை. மற்றொன்று பக்கத்தில் வந்து அதே ஓரத்தில் அலகைக் கொடுத்தது. இரண்டும் சேர்ந்து தள்ளின. புரண்டது. அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று நாம் சொல்வோமே, அந்த அடம்பன் கொடி படர்ந்த மணலிலேயே அதைக் கண்டேன்.

இதன் எடை நூறு கிராமுக்குக் கொஞ்சம் மேல். குஞ்சு பொரிப்பது ஆர்க்டிக் கரைகளில், மரம் முளைக்காத நிலத்தில். சித்திரை வந்தால் இங்கிருந்து கிளம்பிவிடும். கிளம்புவதற்கு முன் உடம்பில் கொழுப்பைச் சேர்த்தாக வேண்டும், அந்தக் கொழுப்புத்தான் வழிச்செலவு. ஆகவே இறக்கக்கண்டிக் கரையில் ஒவ்வொரு புரட்டும் அதற்குக் கணக்கு. நாய் துரத்தினாலோ, படம் எடுக்க நாம் கிட்டப் போனாலோ, அது எழும்பிப் பறக்கிற ஒவ்வொரு தடவையும் அந்தச் செலவு வீணாகிறது. இந்த உள்ளான் வகைப் பறவைகளின் தூரங்களைக் கேட்டால் தலை சுற்றும். 2022இல் வால்பட்டை மூக்கன் ஒன்று, பிறந்து ஐந்து மாதமேயான குஞ்சு, அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியாவுக்கு 13,560 கிலோமீற்றர் பதினொரு நாள் எங்கும் இறங்காமல் பறந்ததைச் செய்மதிக் கருவி காட்டியது. நம் மன்னாரில் கருவி பொருத்திய கடற்புறா ஒன்றும் ரஷ்யாவின் வடகோடியில் உள்ள யமால் தீபகற்பம்வரை போனது.

"தம்பி, ஒரு குருவிக்கு முப்பது நிமிசமா?" ரீச்சர் அக்கா தலைக்கு மேல் வந்து நின்றார். அவர் கோபத்தில் இருந்தார். அது நியாயமான கோபம், பந்தயத்தில் முப்பது நிமிடம் என்றால் ஐந்தாறு பறவை. "இருங்கோ அக்கா, ஒருக்கா இப்பிடி இருந்து பாருங்கோ," என்றேன். அவர் இருந்தார். பிறகு பத்து நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை.

தமிழ்நாட்டு நூல்களில் இதற்குக் கல்திருப்பி உள்ளான் என்று பெயர். அருமையான பெயர். ஆனால் ரீச்சர் அக்கா எழும்பிப் போய், வலைக்காரரில் மூத்தவராகத் தெரிந்த ஒரு அப்பாவிடம், இதை நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டார். அவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தபடி அந்தப் பறவைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அதுக்குப் பேரெண்டு ஒண்டும் வெக்கல்ல மகள். அது வலைக்குப் பின்னால வாற குருவி. நாங்க இழுத்தா வரும். எங்கட வாப்பா இழுக்கக்குள்ளயும் வந்த."

அக்கா திரும்பி வந்து கொப்பியில் எழுபத்தொன்பதுக்கு நேரே எதையோ எழுதினார். எனக்குக் காட்டவில்லை.

குச்சவெளிக்குப் போகிற வழியில் ஒரு சோதனைச் சாவடியில் மறித்தார்கள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுதான் இருக்கும் அந்தப் பையனுக்கு. ஸ்கோப்பைக் காட்டி இது என்ன என்று கேட்டான். எங்கள் சிங்களம் அரைகுறை, அவன் தமிழும் அரைகுறை. வாயால் சொல்வதை விட்டுவிட்டு, தம்பி ஸ்கோப்பை இறக்கி வீதியோரத்துத் தண்ணீரில் நின்ற சாம்பல் நாரையின்மேல் வைத்துக் கொடுத்தான். பையன் குனிந்து பார்த்தான். நிமிர்ந்து, "கொகா!" என்றான். "கொக்கு," என்றோம் நாங்கள். அவன் சிரித்துவிட்டு இன்னொரு தடவை குனிந்தான். அதற்கு மேல் கேள்வி எதுவும் இல்லை.

குச்சவெளி உப்பளப் பக்கம் நண்பகல் வெயில். பாத்திகளில் தண்ணீர் கண்ணாடிபோல. அந்தக் கண்ணாடிமேல் நூற்றுக்கணக்கில் கொசு உள்ளான். பெயருக்கேற்ற அளவுதான், இருபத்தைந்து கிராம் தேறும், நூறு கிராம் பிஸ்கட் பக்கற்றில் கால்வாசி. அதுவும் ஆர்க்டிக்குப் போய் வருகிறது. நெடுங்கால் உள்ளான், பச்சைக்கால் உள்ளான், வளைமூக்கு உள்ளான், தலையில் தொப்பி போட்ட மீசை ஆலா, கரட் நிறத்து அலகோடு தனியாக நின்ற பெரிய ஆலா. நூறாவது பறவை இங்கேதான் வந்தது. அதைத்தான் நான் காலையிலிருந்து எதிர்பார்த்திருந்தேன்.

உப்புக்கொத்திகள் நடக்கிற விதமே வேறு. விடுவிடுவென்று ஓடும், சட்டென்று நிற்கும், குனிந்து ஒரு கொத்து, மறுபடி ஓட்டம். நின்றுவிட்டால் மணலோடு மணல். இங்கே குளிர்காலத்துக்கு வருகிற மணல் உப்புக்கொத்திகளுக்கு நடுவே இன்னும் சின்னதாக, வெள்ளைக் கழுத்தோடு ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. இதுதான் நம் ஊர்ப் பறவை. குளிருக்கு வந்து போவதில்லை, இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் வருடம் முழுவதும் இருப்பது. நெடுங்காலமாக இதைக் கென்டிஷ் உப்புக்கொத்தியின் ஒரு கிளை என்றுதான் சொல்லிவந்தார்கள். மரபணுவைப் பார்த்து, இறகையும் அலகையும் அளந்து, 2023இல் இது தனி இனம் என்று ஆய்வாளர்கள் காட்டினார்கள். இறகும் வாலும் அலகும் மற்றதைவிடக் கட்டை. பெயர் ஹனுமான் உப்புக்கொத்தி. இந்தப் பறவை வாழ்கிற இரண்டு கரைகளையும் தொட்டுக் கிடக்கும் இராமர் அணைத் திட்டுகளையும், அதைக் கட்டிய வானர சேனையையும் நினைத்து வைத்த பெயர்.

தனி இனம் என்றால் உலகத்தில் இதற்கு வேறு ஊர் இல்லை என்று அர்த்தம். கூடு என்று இது எதையும் கட்டுவதில்லை. அலை ஏறுகிற எல்லைக்கு மேலே, இராவணன் மீசைப் புல்லும் அடம்பன் கொடியும் கிடக்கிற வெறும் மணலில் ஒரு சின்னக் குழி, அதில் மணல் நிறத்தில் புள்ளி விழுந்த முட்டை. ரயர் ஏறினால் ஏறினவருக்கே தெரியாது. அதனால்தான் நாங்கள் வானைக் கடற்கரைக்கு இறக்குவதில்லை. நிலாவெளியில் அன்று காலை மணலில் மூன்று வாகனங்களின் தடம் கண்டோம், ஒன்று தண்ணீர் ஓரம்வரை போய் வட்டம் அடித்திருந்தது. குஞ்சு பொரிக்கிற காலத்திலும் அந்த வாகனங்கள் அப்படித்தான் வரும். வீதியிலிருந்து கடலுக்கு ஐம்பது யார் தூரம்தான், நடந்து போகலாம். இதைப் படிக்கிறவர்கள் விடுமுறைக்கு இந்தப் பக்கம் வந்தால் தயவுசெய்து நடந்து போங்கள்.

இவ்வளவு சொன்ன எங்களுக்கு உப்பளத்துக்கு வெளியே களிமண் பாதையில் பின் சில்லு புதைந்தது. வேலை முடித்து வந்த நாலு பேர் தள்ளிக்கொடுத்தார்கள். இருபத்தைந்து நிமிடம் போனது.

புல்மோட்டையில் கரை கறுப்பு. இல்மனைற் மணல், வெயிலில் காலை வைக்க முடியாத சூடு. அந்தக் கறுப்பில் வெள்ளை ஆலாக் கூட்டம் ஒன்று வரிசையாக அலைக்கு முகம் கொடுத்து நின்றது அழகு என்றாலும் அங்கே புதிதாக ஒன்றுதான் சேர்ந்தது. கொக்கிளாய்க் களப்பைத்தான் நம்பியிருந்தோம். 1951இலேயே பறவைகள் சரணாலயமாக அறிவித்த களப்பு. திருகோணமலையும் முல்லைத்தீவும் தொட்டுக்கொள்கிற இடம். தண்ணீர் நாங்கள் நினைத்ததைவிட அதிகம் நின்றது, சேறு குறைவு. ஆனாலும் தூரத்தில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியுமாக மூட்டம்போல ஒரு கூட்டம், கூழைக்கடாக்கள் ஒரு வரிசை, சங்குவளை நாரை, கரண்டிவாயன், கருவால் மூக்கன். வெள்ளை வயிற்றுக் கடற்கழுகு ஒன்று வந்ததும் வாத்துக் கூட்டம் முழுவதும் எழும்பியது. அந்தச் சத்தம், ஆயிரக்கணக்கான சிறகு ஒரேயடியாகத் தண்ணீரை உதறுகிற சத்தம், முக்கால் கிலோமீற்றர் தாண்டி இரண்டு விநாடி தாமதித்து வந்து சேர்ந்தது. யாரும் கொப்பியைப் பார்க்கவில்லை.

அங்கேதான் எனக்கு ஒன்று கைநழுவிப் போனது. களப்பு வாய்ப் பக்கம், கறுப்பு வெள்ளையாக, தடித்த கறுப்பு அலகோடு ஒரு பறவை ஸ்கோப்பில் இடமிருந்து வலமாகக் கடந்தது. நண்டுதின்னி. எனக்குச் சந்தேகமே இல்லை. "மச்சான், ஓடி வா," என்று நான் கத்தி முடிப்பதற்குள் அது மணல்திட்டுக்கு அப்பால் இறங்கிவிட்டது. இருபது நிமிடம் காத்திருந்தோம். திரும்ப எழும்பவில்லை. இரண்டு பேர் காண வேண்டும் என்பது விதி. ரீச்சர் அக்கா என் முகத்தைப் பார்த்தார். "நீ கண்டாய் எண்டு எனக்குத் தெரியும்," என்றார், ஆனால் எழுதவில்லை. எழுதியிருந்தால் நானே வெட்டச் சொல்லியிருப்பேன்.

நூற்றுப் பதினைந்தோடு திரும்பினோம். வானில் மச்சான் கொப்பியை வாங்கி மேலிருந்து கீழாக வாசித்துக்கொண்டு வந்தான். திடீரென்று நிறுத்தினான். "டேய், ஊர்க்குருவி எங்க?"

காலையிலிருந்து ஆர்க்டிக்கிலிருந்து வந்தவற்றையெல்லாம் எண்ணியிருக்கிறோம். அடைக்கலங்குருவியை எண்ணவில்லை. நான் பிள்ளையாக இருந்தபோது வீட்டு வளையில் கூடு கட்டி, சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் வந்து தத்தியது. இன்று பந்தயத்தில் அதைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. "நிலாவெளிச் சந்திக்கடையில முட்டி தொங்குது," என்றான் தம்பி. நம் ஊர்க் கடைக்காரர் சிலர் வாசலில் ஓட்டை போட்ட மண்முட்டி கட்டித் தொங்கவிடுவார்கள், குருவி வந்து குடியிருந்தால் கடைக்கு நல்லது என்று. ஆறு மணி பத்து. இன்னும் ஐந்து நிமிடத்தில் பொழுது படும். கடை வாசலில் நாலு பேரும் நின்று ஒரு மண்முட்டியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தோம். கடைக்கார ஐயா விளக்கைப் போட வந்தவர் போடாமல் நின்றார். முட்டியின் வாயில் வைக்கோல் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த வைக்கோலுக்கு மேலே கறுப்புத் தாடியோடு ஒரு தலை வெளியே வந்தது, எங்களைப் பார்த்தது, உள்ளே போனது.

உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது என்பார்கள். எங்கள் கொப்பியில் கடற்கழுகுக்கு ஒரு எண், இதற்கும் ஒரு எண். அந்த ஒரு எண்ணுக்கு அன்று முழுவதிலும் நாங்கள் போட்ட சத்தம்தான் பெரியது. பிறகு பிரெட்ரிக் கோட்டை வாசலில், புள்ளிமான்கள் படுத்திருந்த புல்லுக்கு மேலே, வெள்ளைக் கூகை ஒன்று சத்தமில்லாமல் பறந்தது. நூற்றுப் பதினேழு. ஏழு மணி. முடிந்தது.

உப்புவெளியில் கொத்துரொட்டிக் கடையில் தெற்கு அணி எங்களுக்கு முன்னமே வந்திருந்தது. டொக்டர் அண்ணையின் சேட்டில் முழங்கைவரை சேறு. அவர்கள் நூற்றுப் பத்தொன்பது. எங்களை இரண்டால் வென்றுவிட்டார்கள். அந்த முப்பது நிமிடம் என்று ரீச்சர் அக்கா ஒரு வார்த்தை சொல்லவில்லை. கந்தளாயில் கண்ட ராசாளியைப் பற்றிக் கிண்ணியா நானா கையால் காட்டிச் சொன்னதைக் கேட்டால், அவர்களுக்கு அது சேரவேண்டியதுதான் என்று எனக்குப் பட்டது.

பிறகு வழக்கப்படி இரண்டு கொப்பியையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசித்தோம். ஒருவர் வாசிக்க, மற்ற அணி தங்களிடம் இருந்தால் "இருக்கு" என்று சொல்ல வேண்டும். பக்கி, இருக்கு. மீன் ஆந்தை, இருக்கு. ஆறுமணிக் குருவி, இல்லை. புலுனி என்றதும் அந்தப் பக்கத்தில் எல்லோரும் சேர்ந்து "இருக்கு" என்றார்கள். கொத்துக்கல்லில் தகடு அடிக்கிற சத்தத்துக்கு மேலே ரீச்சர் அக்கா உரக்க வாசித்துக்கொண்டே போனார்.

"எழுபத்தொன்பது. வலைக்குப் பின்னால் வரும் குருவி."

கிண்ணியா நானா நிமிர்ந்து பார்த்தார். "அது எந்தக் குருவி?"

நான் கோப்பையில் இருந்த ரொட்டித் துண்டொன்றின் ஓரத்தில் விரலைச் செருகி, முன்னுக்குத் தள்ளிப் புரட்டிக் காட்டினேன்.

"ஓ, அதா. அது எங்கட கரையிலயும் நிக்கும்," என்றார். "இண்டைக்குக் காணல்ல." பேனையைக் கேட்டு வாங்கி, தன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அந்தப் பெயரை எழுதிக்கொண்டார்.

"எண்பது," என்றார் ரீச்சர் அக்கா. "மீசை ஆலா."

"இருக்கு."